மாநாட்டுக்கு வீட்டிலிருந்தே போகிறவர்களுக்கு

2020 ஆகஸ்டில், டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தை உருவாக்கும் ஆட்கள் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் கூடுவதாக இருந்தது. 2000-இல் பிரான்சின் போர்தோவில் தொடங்கிய டெப்கான்ஃப் மாநாடு, அதுவரை ஆண்டுதோறும் ஏதாவது ஓர் ஊரில் நேரில்தான் நடந்து வந்தது. கொரோனா வந்ததும் ஆகஸ்ட் 23 முதல் 29 வரை முழுக்க இணையத்திலேயே நடத்திவிட்டார்கள். 80 நாடுகளிலிருந்து 850-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். 100-க்கும் மேற்பட்ட அமர்வுகள் நடந்தன. அடுத்த பிப்ரவரியில் பிரஸ்ஸல்ஸின் ஃபாஸ்டெம் என்ற கட்டற்ற மென்பொருள் மாநாடும் இணையத்துக்கு வந்தது. விமான டிக்கெட் வேண்டாம், விசா வேண்டாம், லீவுக்குக் கெஞ்ச வேண்டாம். கட்டற்ற மென்பொருளைத் தினமும் பயன்படுத்தினாலும் அதை எழுதுகிறவர்களை ஒருநாளும் பார்த்திராத நம்மைப் போன்றவர்களுக்கு அது பெரிய கதவு.

அந்தக் கதவு வழியாக உள்ளே போய்வந்த நண்பர்கள் பலர் என்னிடம் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: “நாலு வீடியோ பார்த்தேன், நல்லா இருந்துச்சு.” எனக்கு மனம் கேட்கவில்லை. வீடியோ எங்கும் ஓடிவிடாது. டெபியனின் வீடியோ குழு உரைகளைச் சீர்செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வைத்துவிடுகிறது. ஃபாஸ்டெமிலும் அப்படியே. ஆறு மாதம் கழித்துப் பார்த்தாலும் அதே உரைதான். மாநாடு நடக்கும் அந்தச் சில நாளில் மட்டும் கிடைப்பது வேறு: கேட்ட கேள்விக்கு மென்பொருளை எழுதியவரே பதில் சொல்வது, உரை முடிந்தபின் நடக்கும் வராந்தாப் பேச்சு, அடுத்த வருடம் என்ன செய்யலாம் என்று ஒரு குழு வாதாடும்போது நாமும் அங்கே இருப்பது. கீழே சொல்வதெல்லாம் அதைத் தவறவிடாமல் இருப்பதற்காகத்தான்.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை

நேரத்தை நம் நேரத்துக்கு மாற்றி, காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் நான் பார்த்தவரை அதிகம் பேர் அமர்வைத் தவறவிடுவது இதனால்தான். நிகழ்ச்சி நிரல் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருந்தால் 5.30 மணி கூட்ட வேண்டும். அந்த அரை மணி நேரத்தை மறப்பவர்கள் ஏராளம். ஐரோப்பாவில் கோடைக்கும் குளிருக்கும் கடிகாரத்தை மாற்றுவார்கள். பிரஸ்ஸல்ஸின் காலை 9 மணி பிப்ரவரியில் நமக்கு மதியம் 1.30, ஜூலையில் அதே 9 மணி நமக்கு 12.30. அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஒரே நாளில் கடிகாரத்தை மாற்றுவதில்லை என்பதால் மார்ச், அக்டோபர், நவம்பர் மாதங்களில் இன்னும் கவனம் வேண்டும். இதைவிடப் பெரிய குழி தேதி. ஈமேக்ஸ்கான்ஃப் போன்ற மாநாடுகள் வட அமெரிக்கக் கிழக்குக் கரை நேரத்தில் நடக்கும். டிசம்பரில் அங்கே சனிக்கிழமை பிற்பகல் 3 மணி என்றால் இங்கே ஞாயிறு விடியற்காலை 1.30. காலண்டரில் சனிக்கிழமையில் குறித்துவைத்தவர் ஒரு நாள் முன்னதாகவே விழித்துக் காத்திருப்பார். பல மாநாடுகள் நிரலை ஒரு காலண்டர் கோப்பாகவே தருகின்றன. அதை ஃபோனில் ஏற்றினால் நேரம் தானே மாறிவிடும். ஆண்ட்ராய்டில் கிகிட்டி என்று ஒரு கட்டற்ற செயலி இருக்கிறது. மாநாட்டு நிரல் பார்ப்பதற்கென்றே எழுதப்பட்டது. அதில் வேண்டிய அமர்வைத் தொட்டுவைத்தால் நேரத்துக்கு மணி அடிக்கும். அப்படியிருந்தும் சுவரில் ஒரு காகிதம் ஒட்டச் சொல்கிறேன். காரணம், அதை வீட்டில் உள்ள மற்றவர்களும் பார்ப்பார்கள்.

நிரலில் ‘பாஃப்’ என்று போட்டிருப்பதை முதலில் தேர்ந்தெடுங்கள். ஒரே விஷயத்தில் அக்கறை உள்ளவர்கள் கூடிப் பேசும் அமர்வுக்கு அந்தப் பெயர். அங்கே மேடை கிடையாது. ஒருவர் பேச்சைத் தொடங்கி வைப்பார், மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். மொழிபெயர்ப்பு, எழுத்துரு, நிறுவி, புதியவர்களைச் சேர்ப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஃப் இருக்கும். பதிவு செய்தாலும் அதன் உயிர் பதிவில் இருக்காது. ஒரு நாளைக்கு ஒரு பாஃப், அதோடு நேரலையில் ஒன்றிரண்டு உரை, அதற்குமேல் வேண்டாம். புகழ்பெற்றவரின் தொடக்க உரையை மறுநாள் இட்லி சாப்பிடும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கணக்குகளை ஒரு வாரம் முன்பே தொடங்கிவிடுங்கள். டெபியனின் பேச்சு இன்னும் பெரும்பாலும் ஐஆர்சி-யில்தான். 1988-இல் பின்லாந்தில் பிறந்த அந்தப் பழைய அரட்டை முறை மெதுவான இணையத்திலும் ஓடும் என்பது நமக்கு வசதி. ஃபாஸ்டெம் 2021-இல் மேட்ரிக்ஸ் என்ற அரட்டைத் தளத்தில் நடந்தது. இரண்டிலும் ஒரே புனைபெயரை வைத்துக்கொள்ளுங்கள். கிட்ஹப்பிலோ டெபியனின் சால்சா தளத்திலோ பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்பும் பெயரும் அதுவாகவே இருக்கட்டும். மாநாட்டில் பேசிய ஆள் யார், மறுவாரம் பேட்ச் அனுப்பிய ஆள் யார் என்று எதிரே இருப்பவர் இணைத்துப் பார்க்க அந்தப் பெயர் ஒன்றுதான் நூல்.

ஒலியைச் சரிபாருங்கள். கேமரா மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். குரல் கரகரத்தால் யாராலும் கேட்க முடியாது. ஐந்நூறு ரூபாய் வயர் ஹெட்போன் போதும், வாய்க்குப் பக்கத்தில் மைக் இருந்தால் சரி. முந்தின நாள் ஒரு நண்பரோடு ஜிட்சி என்ற வீடியோ அழைப்பு மென்பொருளில் பத்து நிமிடம் பேசிப் பார்த்துவிடுங்கள். ஃபேன் சத்தம் மைக்கில் எவ்வளவு கேட்கிறது என்று அவரிடமே கேளுங்கள். நமக்கு அது பழகிப்போயிருக்கும், அவர் சொன்னால்தான் தெரியும்.

டேட்டாவைக் கணக்குப் போடுங்கள். நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் வரும் வீடியோ மணிக்கு 450 எம்பி தின்னும். நாளைக்கு 1.5 ஜிபி கொடுக்கும் பேக்கில் மூன்று மணி இருபது நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துவிடும், அதுவும் வேறு எதையும் தொடாமல் இருந்தால். ஃபோன் டேட்டாவை நம்பி உட்காருகிறவர்கள் உரைகளின் தரத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, பாஃபுக்கு மிச்சம் பிடியுங்கள். ஜிட்சியிலேயே வீடியோவை நிறுத்திக் குரலை மட்டும் வாங்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. கரண்ட் போகும் ஊர் என்றால் ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கிவிடுங்கள். லேப்டாப்பில் பேட்டரி இருந்தும் ரவுட்டர் செத்துப் போய் வெளியே விழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் சொல்லிவையுங்கள். என்னைக் கேட்டால் இதைத்தான் பட்டியலில் முதலில் வைப்பேன். வெளியூர் மாநாட்டுக்குப் போனால் யாரும் நம்மைக் கடைக்கு அனுப்ப மாட்டார்கள், கேஸ் சிலிண்டர் வந்தால் கூப்பிட மாட்டார்கள். வீட்டிலேயே இருந்தால் இருக்கிறோம் என்றுதான் அர்த்தம். “சனி, ஞாயிறு ரெண்டு நாளும் மதியத்துக்கு மேல நான் வீட்ல இல்லைனு வச்சுக்கோங்க” என்று அம்மாவிடமோ துணையிடமோ ஒரு வாரம் முன்பே சொல்லி, அதற்கு ஈடாக அடுத்த வாரம் நாம் என்ன வேலையை ஏற்றுக்கொள்கிறோம் என்பதையும் சொல்லுங்கள். குழந்தை உள்ள வீட்டில் இது இருவரும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். பெண்கள் பலருக்கு இந்தப் பேச்சுத்தான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருக்கிறது. அதனால் வீட்டு ஆண்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் தாங்களே முன்வந்து சொல்ல வேண்டும்.

முன்கூட்டியே செய்யக்கூடாதவை

முந்தின இரவு கணினியை மேம்படுத்தாதீர்கள். மாநாட்டு உற்சாகத்தில் புதிய பதிப்பை ஏற்றிப் பார்க்கத் தோன்றும். காலையில் மைக் வேலை செய்யாது.

ஆபீஸ் லேப்டாப்பை நம்பாதீர்கள். நிறுவன வலையமைப்பு ஐஆர்சி-யையும் ஜிட்சியின் வீடியோவையும் அடைத்து வைத்திருக்கலாம். தவிர, ஆபீஸ் கணினியில் எழுதிய பேட்ச் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் பின்னால் வரும்.

எல்லா அமர்வையும் பார்த்துவிடுவதாகத் திட்டம் போடாதீர்கள்.

அங்கே இருக்கும்போது செய்ய வேண்டியவை

உள்ளே போனதும் ஒரு வணக்கம் சொல்லுங்கள். நேரில் போயிருந்தால் வாசலில் பேட்ஜ் வாங்கும்போதே நாலு பேர் நம்மைப் பார்த்திருப்பார்கள். இணையத்தில் நாம் எழுதாதவரை நாம் அங்கே இல்லை. இரண்டு வரி போதும்: எந்த ஊர், எதைப் பயன்படுத்துகிறீர்கள், எதைத் தெரிந்துகொள்ள வந்தீர்கள். “நான் ஒரு புதியவன், எனக்கு எதுவும் தெரியாது” என்று எழுதாதீர்கள். உங்களுக்குத் தெரிந்தது அங்கே பலருக்குத் தெரியாது. தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் உருவாக்கிய அந்த பாஸ், டெபியனை அடியாகக் கொண்டது. தான் பொதி கட்டும் மென்பொருள் ஒரு கிராமத்துப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவியின் மடியில் ஓடியது என்பது ஜெர்மனியில் இருக்கும் பராமரிப்பாளருக்கு எப்படித் தெரியும்? நான் ஒருமுறை இதை வராந்தாப் பேச்சுக்கான அரட்டை அறையில் சொன்னேன். பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு, எந்தப் பதிப்பு, எந்த விசைப்பலகை, பிள்ளைகள் எதில் தட்டச்சு செய்தார்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அன்று நான் கற்றதைவிடச் சொன்னது அதிகம்.

கேள்வியைக் கேள்வியாக எழுதுங்கள். இணைய மாநாட்டில் கேள்வி கேட்பது நேரில் கேட்பதைவிட எளிது, கூச்சப்படுபவர்களுக்கு இது வரம். 2021-இல் ஃபாஸ்டெம் செய்த ஏற்பாட்டைப் பாருங்கள். உரைகள் முன்பே பதிவாகி ஓடும். பேசுகிறவர் அதே நேரத்தில் அரட்டை அறையில் நம்மோடு உட்கார்ந்திருப்பார். நாம் எழுதும் கேள்விக்கு மற்றவர்கள் கட்டைவிரல் காட்டினால் அது வரிசையில் மேலே ஏறும். உரை முடிந்ததும் அந்த வரிசைப்படி நேரலையில் பதில். டெப்கான்ஃபில் ஐஆர்சி-யிலும் பொதுக் குறிப்பேட்டிலும் எழுதும் கேள்விகளை அமர்வை நடத்துகிறவர் எடுத்து வாசிப்பார். ஆக, உங்கள் கேள்வி இன்னொருவர் வாயால் வாசிக்கப்படும். அதை நினைவில் வைத்து எழுதுங்கள். ஒரே வாக்கியம், தொடக்கத்திலேயே ‘கேள்வி’ என்ற அடையாளம், எந்தப் பகுதியைப் பற்றி என்ற குறிப்பு. ‘இது தமிழில் வேலை செய்யுமா?’ என்று எழுதினால் ‘செய்யும்’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் முடிந்துவிடும். ‘தேடும்போது கொ என்ற எழுத்தை ஒரே எழுத்தாக எடுக்கிறீர்களா, க-வையும் உயிர்க்குறியையும் பிரித்து எடுக்கிறீர்களா?’ என்று எழுதிப் பாருங்கள். பேசுகிறவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். உரை நடக்கும்போதே காகிதத்தில் கேள்வியை எழுதிக்கொண்டே வாருங்கள். கேள்வி நேரம் வந்தபின் யோசித்தால் ஐந்து நிமிடம் பறந்துவிடும்.

அடுத்தவர் கேள்விக்கும் கட்டைவிரல் காட்டுங்கள். உங்கள் கேள்வியையே வேறொருவர் நன்றாகக் கேட்டிருந்தால் அதை மேலே ஏற்றுவதும் பங்களிப்புத்தான்.

பொதுக் குறிப்பேட்டில் எழுதுங்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் அதிகம் விட்டுவிடும் இடம் இது. ஈதர்பேட் என்ற அந்தப் பக்கத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதலாம். ஒவ்வொருவர் எழுத்துக்கும் ஒரு நிறம். ஒரு மொழிபெயர்ப்பு பாஃபில் நான் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். இளம்பச்சையில் ஒருவர் பேசுவதையெல்லாம் சுருக்கி எழுதிக்கொண்டு வருகிறார். ஊதா நிறத்தில் ஒருவர் அவருடைய எழுத்துப் பிழைகளைச் சத்தமில்லாமல் திருத்துகிறார். எனக்கு வந்தது வெளிர் ஆரஞ்சு. கடைசியில் துணிந்து ஒரு வரி எழுதினேன்: தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் பொத்தான்களில் பாதி எழுத்து வெட்டுப்படுகிறது. ‘ரத்து செய்’ என்பதில் ‘ரத்து’ மட்டும் தெரிந்தால்கூடப் பரவாயில்லை, ‘சேமிக்காதே’ என்பது ‘சேமி’ என்று நின்றால் ஒருவரின் கோப்பே போய்விடும். அரை நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அதன் கீழே மஞ்சளில் ‘மலையாளத்திலும்’ என்று ஒரு வரி. நீலத்தில் ‘ஜெர்மனிலும்’. அப்புறம் இளம்பச்சைக்காரர் பழைய பக் எண் ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டினார். அது ரொம்ப நாளாகத் திறந்தே கிடந்ததாம். கூட்டம் முடியும்போது அது அந்தக் குழு செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலுக்குப் போயிருந்தது. வீடியோவில் இது எதுவும் இல்லை. வீடியோவில் நாலு முகங்கள் பேசிக்கொண்டிருப்பது மட்டும்தான் இருக்கும்.

உரை முடிந்ததும் வெளியேறாதீர்கள், அங்கேயே இருங்கள். 2021 ஃபாஸ்டெமில் கேள்வி நேரம் முடிந்தபின் பேசியவர் இருந்த அறையைப் பொதுவில் திறந்துவிட்டார்கள். யாரும் உள்ளே போய் முகம் பார்த்துப் பேச முடிந்தது. முந்நூறு பேர் பார்த்த உரை என்றாலும் இப்படிப்பட்ட அறைக்குப் பத்துப் பேர்தான் வருவார்கள். ஞாயிறு மாலை பிரஸ்ஸல்ஸில் ஆறு மணி என்றால் நமக்கு இரவு பத்தரை. மறுநாள் வேலை இருக்கிறது, கண் எரிகிறது. இருந்தாலும் அந்த அரை மணி நேரத்துக்காக மதியம் ஒரு தூக்கம் போட்டுவிட்டு வாருங்கள்.

மைக்கைக் கையாளப் பழகுங்கள். ஜிட்சியில் எம் விசை மைக்குக்கு, வி விசை கேமராவுக்கு, ஆர் விசை கை தூக்க. மைக்கை அணைத்து வைத்துவிட்டு, ஸ்பேஸ் விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை மட்டும் பேசுவதுதான் என் பழக்கம். குக்கர் விசிலும் தெருவில் போகும் காய்கறி வண்டியும் அப்போது யாரையும் தொந்தரவு செய்யாது.

உங்கள் ஆங்கிலத்தில் பேசுங்கள். அந்த அறைகளில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி அல்லது மூன்றாம் மொழி. நிறுத்தி நிதானமாகப் பேசினால் போதும். பேச வராவிட்டால் அரட்டையில் எழுதலாம், யாரும் குறைவாக நினைப்பதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020 டெப்கான்ஃபில் ஸ்பானிய மொழிக்கென ஒரு குறுமாநாடும், மூன்று நாள் மலையாளக் குறுமாநாடும் உள்ளேயே நடந்தன. கேரள நண்பர்கள் செய்தது நம்மால் முடியாததல்ல. 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் டெபியனின் குறுமாநாடு நேரிலேயே நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் டெப்கான்ஃப் கொச்சிக்கே வந்தது. உலக மாநாடு இணையத்தில் நடக்கும்போது தமிழ் அறை ஒன்று வேண்டும் என்று நிரல் குழுவிடம் கேட்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

முடிந்தால் கூடிப் பாருங்கள். ஒரு கல்லூரி ஆய்வகம், ஒரு நண்பர் வீட்டு ஹால், ஒரு புரொஜெக்டர். எட்டுப் பேர் சேர்ந்து பார்த்தால் கேள்வி தானாகப் பிறக்கும், தனியாக எழுதத் தயங்குகிறவருக்குப் பக்கத்தில் ஒரு குரல் இருக்கும்.

நடத்தை விதிகளைப் படியுங்கள். டெபியன் 2014-இல் உறுப்பினர் வாக்கெடுப்பு நடத்தித் தனது விதிகளை ஏற்றது. சிறிய ஆவணம்தான். யாராவது உங்களிடம் தவறாக நடந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் மாநாடு தொடங்கும் முன்பே குறித்துவையுங்கள்.

அங்கே இருக்கும்போது செய்யக்கூடாதவை

“ஹலோ சார்” என்று மட்டும் எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள். அந்த உலகில் சார், மேடம் இல்லை. புனைபெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் மரியாதை. கேட்க வந்ததை அதே செய்தியில் கேளுங்கள்.

பேசியவருக்குத் தனிச்செய்தி அனுப்பாதீர்கள். பொது அறையில் கேட்டால் பதில் எல்லோருக்கும் போகும், அவர் தூங்கிக்கொண்டிருந்தால் வேறொருவர் சொல்வார். தனிச்செய்தி ஒரு மனிதரின் ஓய்வு நேரத்தில் கை வைப்பது. பெண் பங்கேற்பாளர்களுக்கு இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். அறிமுகமில்லாத பெண்ணுக்குத் தனியாக “ஹாய்” அனுப்புவதை நம் ஊர் இளைஞர்கள் சிலர் சாதாரணமாக நினைக்கிறார்கள். ஒரே ஒரு மாநாட்டில் அப்படி நாலு செய்தி வந்ததால் அடுத்த மாநாட்டுக்கே வராமல் போனவர்களை எனக்குத் தெரியும். ஒரு சமூகம் ஆளை இழப்பது இப்படித்தான்.

உங்கள் லேப்டாப்பின் வைஃபை கோளாறை பாஃபில் கேட்காதீர்கள். அதற்கு உதவி அறை தனியாக உண்டு, அங்கே பொறுமையாக உட்கார்ந்து தீர்த்தும் கொடுப்பார்கள்.

சம்பளம் வாங்காமல் உழைப்பவரிடம் வாடிக்கையாளர் போலப் பேசாதீர்கள். ‘பத்து வருடமாக இந்த வசதி இல்லையே, ஏன்?’ என்று ஒருவர் எழுதியதைப் படித்த பராமரிப்பாளரின் முகத்தை நான் கேமராவில் பார்த்திருக்கிறேன். இரண்டு குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவர் அவர். அதே விஷயத்தை ‘இந்த வசதியைச் சேர்க்க எங்கிருந்து தொடங்கலாம்?’ என்று கேட்டிருந்தால் அவருக்கு ஒரு துணை கிடைத்திருக்கும்.

இன்னும் சில, விளக்கம் தேவையில்லாதவை:

• ரெஸ்யூமே ஒட்டாதீர்கள்.
• முகங்கள் தெரியும் திரையைக் கேட்காமல் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.
• கேள்வி நேரத்தில் ஐந்து நிமிடச் சொற்பொழிவு ஆற்றாதீர்கள்.
• சாப்பிடும்போது கேமராவை அணைக்க மறக்காதீர்கள்.
• ஒரு அமர்வைப் பார்த்துக்கொண்டே ஆபீஸ் வேலையைச் செய்யாதீர்கள். இரண்டும் கெடும்.

முடிந்தபின் செய்யக்கூடாதவை

பெயரைக் கொடுத்துவிட்டுக் காணாமல் போகாதீர்கள். பாஃபின் சூட்டில் “இதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லிவிடுவோம். குறிப்பேட்டில் வேலைக்கு நேரே நம் பெயர் ஏறிவிடும். அதன்பின் வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள். ஆள் இருக்கிறார் என்று நினைப்பார்கள். நானும் ஒருமுறை ஒரு சொற்பட்டியலைச் சரிபார்ப்பதாக ஏற்றுக்கொண்டு எட்டு மாதம் கிடப்பில் போட்டேன். அந்தப் பதிப்பு தமிழ் இல்லாமலே வெளியானது. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை, ஆனால் அந்தத் திரையை ஆங்கிலத்தில் பார்த்தபோது மனம் கனத்தது. முடியாது என்று தெரிந்த அன்றே ஒரு வரி எழுதிவிடுங்கள்: “என்னால் இப்போது முடியவில்லை, யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.” அதில் அவமானம் ஒன்றுமில்லை.

எண்ணிக்கைக்காகப் பேட்ச் அனுப்பாதீர்கள். 2020 அக்டோபரில் பேட்ச் அனுப்புகிறவர்களுக்கு டி-ஷர்ட் தரும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நடந்தபோது, அதற்காகவே உப்புச்சப்பில்லாத மாற்றங்களை ஆயிரக்கணக்கில் அனுப்பி, பராமரிப்பாளர்களைத் திணறடித்தார்கள். மாதம் தொடங்கிய சில நாளிலேயே விதியை மாற்றி, விருப்பம் தெரிவித்த திட்டங்களை மட்டும் கணக்கில் எடுப்பதாக அறிவிக்க வேண்டியதாயிற்று. ஒரு பேட்சைப் படிக்க ஒரு மனிதரின் மாலை செலவாகிறது.

எல்லா வீடியோவையும் இறக்கி அடுக்காதீர்கள். பார்க்க மாட்டோம்.

முடிந்தபின் செய்ய வேண்டியவை

இரண்டு நாளுக்குள் ஒரு சின்ன வேலையை முடியுங்கள். சூடு ஆறினால் கை வராது. லிப்ரே ஆபீஸின் மொழிபெயர்ப்பு வெப்லேட் என்ற தளத்தில் நடக்கிறது. உலாவியைத் திறந்தால் போதும், நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. பத்து வரி தமிழாக்கி வைக்கலாம். அதுவும் வேண்டாமென்றால் டெபியனின் வீடியோ குழுவுக்குக் கை கொடுங்கள். பதிவான ஒவ்வொரு உரையும் எந்த நொடியில் தொடங்குகிறது, எங்கே முடிகிறது, குரல் ஒழுங்காகக் கேட்கிறதா என்று ஒரு மனிதர் பார்த்துக் குறிக்க வேண்டும். எஸ்-ரிவ்யூ என்ற கருவியில் உலாவி வழியாகவே அதைச் செய்யலாம். ஒரு உரைக்குச் சில நிமிடம்தான் ஆகும். நீங்கள் குறித்த உரையை நாளை நைரோபியில் ஒருவர் பார்ப்பார்.

பேசியவருக்கு நன்றி எழுதுங்கள். “அருமை” என்று எழுதாமல், எந்த நிமிடத்தில் சொன்ன எந்த விஷயம் உங்களுக்குப் பயன்பட்டது என்று எழுதுங்கள். இணையத்தில் பேசுகிறவருக்குக் கைதட்டல் கேட்காது. சுவரைப் பார்த்துப் பேசியது போல இருக்கும் என்று பேசியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

கேட்டதைத் தமிழில் எழுதிவையுங்கள், உங்கள் ஊர் லினக்ஸ் குழுவில் அரை மணி நேரம் சொல்லுங்கள். சென்னையில் 1998 முதல் ஒரு லினக்ஸ் பயனர் குழு கூடுகிறது. காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் குழுக்கள் உண்டு. புதிதாக வருகிறவர் முதலில் வந்து நிற்பது இங்கேதான்.

அடுத்த மாநாட்டில் ஒரு வேலை கேளுங்கள். உரையாற்றத்தான் வேண்டும் என்றில்லை. அமர்வை நடத்தவும், கேள்விகளை எடுத்து வாசிக்கவும், பேசுகிறவரின் ஒலியைச் சரிபார்க்கவும் ஒவ்வொரு அறைக்கும் ஆள் தேவை. ஐரோப்பியர்கள் தூங்கும் நேரத்தில் நாம் விழித்திருக்கிறோம் என்பது நிரல் குழுவுக்குப் பெரிய உதவி. தன்னார்வலர் பட்டியல் மாநாட்டுக்குச் சில வாரம் முன்பு திறக்கும். அதில் உங்கள் புனைபெயரையும், யுடிசி-யில் மாற்றிய உங்கள் நேரத்தையும் எழுதுங்கள். காலை 6 மணிக்குத் தயார் என்றால் அங்கே 00.30 என்று குறிக்க வேண்டும்.